யோகா புத்தகத்தில் மூச்சு எங்கே? மனப்பாடம் முதல் ஆப் வரை ஒரு சின்ன வரலாறு

இந்த எபிசோடில் பேசினதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுத்தாகக் கொடுத்திருக்கோம். காதில் கேட்டவர்களும் ஒருமுறை படிச்சுப் பாருங்க. சில பெயர்களும் வருஷங்களும் எழுத்தில் பார்த்தால்தான் மனசில் நிற்கும்.

இன்றைக்கு விஷயம் யோகா. பயப்படாதீங்க, யாரையும் தலைகீழாக நிற்கச் சொல்லப் போவதில்லை. யோகா கற்றுக்கொள்ளவும் கற்றுக்கொடுக்கவும் மனிதர்கள் தயாரித்த பொருள்களின் கதை இது. புத்தகம், ஃபோட்டோ, இசைத்தட்டு, கேசட், வீடியோ, பின்னணி இசை, கடைசியில் நம்ம ஃபோனில் இருக்கும் ஆப்.

இதில் என்ன பெரிய கதை என்று கேட்கலாம். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஃபைலைச் சுருக்கினால், "இதில் எது போச்சு?" என்று உடனே கேட்போம். எம்பி3 பாட்டு ஏன் அவ்வளவு சின்ன ஃபைல்? நம் காது பெரும்பாலும் கவனிக்காத ஒலிகளைத் தூக்கிவிட்டார்கள், அதனால். யோகாவையும் இப்படித்தான் சுருக்கிக்கொண்டு வந்திருக்கோம். ஆசிரியர் எதிரில் நின்று, மாணவரின் உடம்பைப் பார்த்து, மூச்சைக் கவனித்து, "போதும்பா, இறங்கு" என்று சொல்வதுதான் மூலப் பிரதி. அதை ஒரு தாளிலோ நாடாவிலோ அடைத்தபோது எது தங்கியது, எது உதிர்ந்தது? தங்கியதை மட்டும் பார்த்துவிட்டு, "யோகா என்றால் இதுதான்" என்று நாம் முடிவு பண்ணிட்டோமா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போகலாம்.

ஞாபகமே புத்தகமாக இருந்தபோது

பதஞ்சலியின் யோகசூத்திரத்தில் மொத்தம் 195 அல்லது 196 சூத்திரங்கள். பதிப்பைப் பொறுத்து ஒன்று கூடும், குறையும். அதில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. எந்தக் காலை எங்கே வைக்கணும், எவ்வளவு நேரம் இருக்கணும் என்று ஒரு வார்த்தை கிடையாது. இன்றைக்கு யோகா என்றதும் நமக்கு ஞாபகம் வரும் அத்தனையும் அந்த நூலில் இல்லை!

காரணம், சூத்திரம் தனியாகப் படிப்பதற்கான புத்தகமே இல்லை. அது ஒரு தலைப்புப் பட்டியல் மாதிரி. விளக்கம் ஆசிரியரிடம் இருக்கும், செய்முறை அவர் கண் முன்னால் நடக்கும். மாணவர் மனப்பாடம் பண்ணுவது பட்டியலை மட்டும்தான்.

நம்ம பக்கத்தில் திருமூலரின் திருமந்திரம் இருக்கு. 3,000-க்கு மேல் பாடல்கள். அதன் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகம் வருகிறது. மூச்சை இழுக்க 16 மாத்திரை, உள்ளே நிறுத்த 64, வெளியே விட 32 என்று கணக்கே கொடுக்கிறார். (இதை வீட்டில் தனியாக முயற்சி பண்ண வேண்டாம், ஏன் என்பது போகப் போகப் புரியும்.) இந்தக் கணக்கைச் செய்யுளில் வைத்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கு. பாட்டில் ஒரு சொல் மாறினால் எதுகை இடிக்கும், ஓசை தட்டும். பிழை வந்த இடத்தைக் காதே காட்டிக்கொடுத்துவிடும். நெட்வொர்க்கில் டேட்டா சரியாக வந்து சேர்ந்ததா என்று பார்க்க செக்சம் வைக்கிறோமே, யாப்பு அந்த வேலையைப் பார்த்தது.

மந்திரம் கற்றுக்கொடுப்பதற்கு "சந்தை சொல்வது" என்று ஒரு முறை தமிழ்நாட்டில் இன்றும் இருக்கு. ஆசிரியர் ஒரு தடவை சொல்வார், மாணவர்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்வார்கள். இதில் அந்த இரண்டாவது பாதியைக் கவனியுங்க. மாணவர் சொல்லும்போது ஆசிரியர் சும்மா இருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார். தப்பு வந்தால் அங்கேயே நிறுத்துவார். பின்னால் வரப்போகிற எல்லாப் பதிவுகளிலும் முதலில் காணாமல் போவது இந்தக் கேட்கிற காதுதான்.

படம் வந்தது, அசைவு நின்றது

ஆசனங்களை வரிசையாகப் படம் போட்டு வைத்த பழைய புத்தகங்களில் ஒன்று எங்கே உருவானது தெரியுமா? முகலாய அரண்மனை வட்டத்தில். குவாலியரைச் சேர்ந்த முகம்மது கௌத் என்ற சூஃபி 16-ஆம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் எழுதியது "பஹ்ர் அல்-ஹயாத்", அதாவது வாழ்வின் கடல். யோகிகளின் பயிற்சிகளைப் பாரசீகம் படிக்கிறவர்களுக்குச் சொல்லும் நூல். 1600-ஐ ஒட்டி, பின்னாளில் ஜஹாங்கீர் ஆகப்போகிற இளவரசர் சலீமுக்காக அலகாபாத்தில் இதன் ஓவியப் பிரதி ஒன்று தயாரானது. குடிசை முன்னால் உட்கார்ந்திருக்கும் யோகிகள் ஆளுக்கொரு நிலையில் இருப்பார்கள். இன்றைக்கு அது டப்ளினில் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கு. யோகாவை ஒரு மதத்தின், ஒரு மொழியின் சொத்தாக நினைப்பவர்களுக்கு அந்தப் பிரதியைக் காட்டலாம்.

அடுத்து மைசூர். 19-ஆம் நூற்றாண்டில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உருவான "ஸ்ரீதத்துவநிதி"யில் 122 ஆசனங்கள் படத்தோடு இருக்கு. அதே மைசூர் அரண்மனையின் ஆதரவில்தான் 1930-களில் டி. கிருஷ்ணமாச்சார்யா ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் யோகா வகுப்புகளில் பெரும்பகுதிக்கு ஏதோ ஒரு வழியில் வேர் இங்கேதான் போகும். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோய்ஸ், இந்திரா தேவி மூன்று பேரும் அவரிடம் கற்றவர்கள்.

1934-ல் அவர் கன்னடத்தில் எழுதிய "யோக மகரந்தம்" நம் கதையில் முக்கியமான புத்தகம். 1938-லேயே அதற்குத் தமிழ்ப் பதிப்பு வந்துவிட்டது, மதுரை சி.எம்.வி. அச்சகத்திலிருந்து. மற்ற நாடுகளில் இந்தப் பெயர் பரவுவதற்கு வெகு காலம் முன்பே தமிழில் படிக்கக் கிடைத்திருக்கு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தப் புத்தகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு ஆசனத்துக்கும் எத்தனை வின்யாசம், அதாவது எத்தனை படி, எந்தப் படியில் மூச்சை இழுக்கணும், எதில் விடணும் என்று எழுத்தில் விவரமாகச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் ஃபோட்டோ பெரும்பாலும் முடிவு நிலையை மட்டும் காட்டும். எழுத்து ஒரு பயணத்தைச் சொல்லுது, படம் ஊர் போய்ச் சேர்ந்ததைக் காட்டுது. புத்தகத்தைப் புரட்டுகிறவர் கண் எதில் நிற்கும்? படத்தில்தான்.

1938-ல் மைசூரில் ஒரு படச்சுருளும் எடுத்தார்கள். கிருஷ்ணமாச்சார்யா, அவர் மனைவி நாமகிரியம்மாள், குழந்தைகள், மைத்துனரான இளைஞர் ஐயங்கார் எல்லோரும் அதில் வருகிறார்கள். இன்றும் இணையத்தில் பார்க்கலாம். அசைவு கிடைத்துவிட்டது, ஆனால் படம் ஊமைப் படம்! மூச்சின் சத்தமே பாடத்தின் பாதி என்று இருக்கும் ஒரு முறைக்குக் கிடைத்த அந்தக் காலத்துப் படத்தில் சத்தம் இல்லை.

தபாலில் வந்த யோகா

பத்தமடை என்றதும் பாய்தான் ஞாபகம் வரும். அந்த ஊரில் 1887-ல் பிறந்தவர் சுவாமி சிவானந்தா. துறவுக்கு முன் அவர் டாக்டர். மலாயாவில் வேலை பார்த்தவர். அதற்கும் முன்னாலேயே "அம்ப்ரோசியா" என்று ஒரு மருத்துவ இதழ் நடத்தியவர். அதாவது அச்சு எந்திரத்தின் பலம் அவருக்கு முன்பே தெரியும். ரிஷிகேஷ் போன பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. 200-க்கும் மேற்பட்ட புத்தகங்கள், பெரும்பாலும் எளிய ஆங்கிலத்தில், துண்டு துண்டு வாக்கியங்களில், ஒரு டாக்டர் நோயாளிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற தொனியில்.

இந்தப் புத்தகங்களும் கடிதங்களும் போன தூரம் ஆச்சரியமானது. ஜெர்மனியில் 1937-ல் பெர்லினில் யோகா பள்ளி தொடங்கிய போரிஸ் சகாரோவ், சிவானந்தாவிடம் கடிதம் மூலமாகவே பாடம் கற்றவர். இன்றைய ஆன்லைன் கோர்ஸுக்கு அன்றைய பதிப்பு இது. ஒரு வித்தியாசம் உண்டு: கடிதம் திரும்பி வரும். மாணவர் கேள்வி கேட்கலாம், மாதக்கணக்கில் தாமதமானாலும் அவருக்கென்று ஒரு பதில் கிடைக்கும். சந்தையில் இருந்த அந்தக் கேட்கிற காது, மெதுவாகவாவது, தபாலில் உயிரோடு இருந்தது.

வயலின்காரரும் 600 ஃபோட்டோவும்

1952-ல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் இந்தியா வந்தார். பம்பாயில் அவரைப் பார்க்க ஐயங்காருக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. ஓயாத கச்சேரிகளால் மெனுஹின் களைத்துப் போயிருந்தார். ஐயங்கார் அவரைச் சவாசனத்தில் படுக்க வைத்தார். மனிதர் அப்படியே தூங்கிவிட்டார். அந்த நட்பு பல ஆண்டுகள் தொடர்ந்தது. மெனுஹின் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார்.

1966-ல் லண்டனில் "லைட் ஆன் யோகா" வெளியானபோது முன்னுரை எழுதியவர் மெனுஹின். 200 ஆசனங்கள், ஏறத்தாழ 600 ஃபோட்டோக்கள். ஒரு எஞ்சினியர் கண்ணோடு பார்த்தால் இது ஒரு அருமையான டெக்னிக்கல் மேனுவல். ஒவ்வொரு ஆசனத்துக்கும் எண் போட்ட படிகள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு கடின அளவு, 1-இலிருந்து 60 வரை. பின்னிணைப்பில் எந்த வாரம் எதைச் செய்யணும் என்று 300 வாரப் பாடத்திட்டம். 300 வாரம் என்றால் ஆறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆசிரியர் இல்லாத ஊரில் இருப்பவரும் தொடங்கலாம் என்கிற அளவுக்கு ஒழுங்கு.

அதன் பலமே அதன் சிக்கலும். அந்த ஃபோட்டோக்களில் இருக்கும் உடம்பு பல பத்தாண்டு தினசரிப் பயிற்சியில் வார்த்த உடம்பு. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, ஆசனம் என்றால் "இந்தப் படம் மாதிரி ஆகணும்" என்று ஆகிப்போனது. பின்னிணைப்பின் 300 வாரத்தை விட்டுவிட்டு நேராக 60-ஆம் எண்ணைத் திறந்தவர்கள் எத்தனை பேரோ! அதே ஐயங்கார்தான் நேரில் பாடம் நடத்தும்போது கயிறு, கட்டை, நாற்காலி, தலையணை என்று எதை எதையோ கொடுத்து, வளையாத உடம்பையும் நோயாளியையும் ஆசனத்துக்குக் கொண்டுவந்தார். புத்தகம் உலகம் முழுக்கப் பரப்பியது ஃபோட்டோவை. நாற்காலியை வகுப்புக்குப் போனவர்கள்தான் பார்த்தார்கள்.

ஒரு குச்சி மனிதன்

இங்கே நம்ம ஊர் எஞ்சினியர் ஒருவர் கதைக்குள் வருகிறார். கிருஷ்ணமாச்சார்யா 1950-களில் மெட்ராஸுக்குக் குடிவந்தார். 1989-ல் நூறு வயதில் இங்கேதான் காலமானார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் சிவில் எஞ்சினியரிங் படித்தவர். வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் மாணவராகச் சேர்ந்தார். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார்.

அதே வருஷம் அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் அவர் பேசிய பேச்சுகள் 1980-ல் புத்தகமாக வந்தன, மாணவர்கள் கேட்ட கேள்விகளோடு சேர்த்து. நீங்க இப்ப படிச்சுக்கிட்டிருக்கிற மாதிரியே, பேச்சின் எழுத்து வடிவம்தான். பின்னால் அதுவே விரிந்து "தி ஹார்ட் ஆஃப் யோகா" என்று 1995-ல் வந்தது.

அவர் வழியில் ஆசனத்தைக் காட்ட ஃபோட்டோவை நம்பியிருக்கவில்லை. குச்சி மனிதன்! ஒரு வட்டம் தலை, நாலஞ்சு கோடு உடம்பு. கைகள் மேலே போகும் கட்டத்தில் மூச்சு உள்ளே, குனியும் கட்டத்தில் மூச்சு வெளியே என்று பக்கத்திலேயே குறிப்பு, எத்தனை தடவை என்று எண். சின்னப் பிள்ளைகூட வரைந்துவிடலாம். ஆசிரியர் மாணவரைப் பார்த்துப் பேசிவிட்டு, அவருக்கு மட்டும் ஒரு தாளில் இப்படி ஏழெட்டு உருவம் வரைந்து கொடுப்பார். முழங்கால் வலி இருக்கிறவருக்கு ஒரு வரிசை, தூக்கம் வராதவருக்கு வேறு வரிசை.

யோசித்துப் பாருங்க. துல்லியமான ஃபோட்டோவில் தசை தெரியும், தோல் தெரியும், மூச்சு தெரியாது. குச்சிப் படத்தில் வேறு எதுவும் கிடையாது, ஆனால் மூச்சு இருக்கு, வரிசை இருக்கு, அசைவு இருக்கு. "இவர் மாதிரி நான் வளையலையே" என்று ஏங்குவதற்கு அதில் ஒரு உடம்பே இல்லை. ரெசல்யூஷனைக் குறைத்து, தேவையான டேட்டாவைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

குரல் தனியாக வந்தபோது

சரி, புத்தகத்திலிருந்து ஒலிக்கு வரலாம். புத்தகத்தைப் பார்த்து ஆசனம் செய்வதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: குனிந்திருக்கும்போது பக்கத்தைத் திருப்ப முடியாது. அதனால் குரல் பதிவு ஒரு பெரிய விடுதலை. ஆனால் எல்.பி. தட்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிஷத்தில் முடிந்துவிடும், எழுந்து போய்த் திருப்பிப் போடணும். பிலிப்ஸ் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட்டில் ஒரு பக்கமே 30 அல்லது 45 நிமிஷம் ஓடும். படுத்தபடியே முழுப் பயிற்சியையும் கேட்க வழி பிறந்தது.

கேசட்டுக்கு அச்சாகப் பொருந்திய பயிற்சி யோக நித்திரை. பீகாரின் முங்கேரில் 1964-ல் பீகார் யோகப் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சத்யானந்தா இதை ஒரு முறையாக வகுத்தார். 1976-ல் புத்தகமாகவும் வந்தது. இவர் சிவானந்தாவின் சீடர். மாணவர் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, குரல் சொல்லும் உடல் பாகங்களில் கவனத்தை வரிசையாகக் கொண்டுபோவார். வலது கை கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல்... உடம்பு அசையாது. தப்பாக வளைந்து முதுகைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பே கிடையாது. நடுவில் தூங்கிப்போனாலும் பெரிய நஷ்டமில்லை! ஆசிரியரின் கண் குறைவாகத் தேவைப்படும் இந்த மாதிரிப் பயிற்சியில்தான் பதிவு நன்றாக வேலை செய்கிறது.

இதற்கு நேர்மாறானது மைசூர் பட்டாபி ஜோய்ஸின் அஷ்டாங்க வின்யாச முறை. அவருடைய "யோக மாலா" கன்னடத்தில் 1962-ல் வந்தது, ஆங்கிலத்துக்கு வர 1999 ஆனது. ஆசிரியர் சமஸ்கிருதத்தில் ஏகம், த்வே, த்ரீணி என்று எண்ணுவார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அசைவு, ஒரு மூச்சு. 1993-ல் அமெரிக்காவில் அவர் எண்ண, அவருடைய மாணவர்கள் செய்யும் வீடியோ வெளியானது. பார்க்க அற்புதமாக இருக்கும். நேரில் இருக்கும் ஆசிரியர் கூட்டத்தைப் பார்த்து எண்ணிக்கையை இழுப்பார், நிறுத்துவார். பதிவில் வேகம் உறைந்துவிடும். உங்க மூச்சு அதைவிட நீளமோ சின்னதோ, ஓட்டம் காத்திருக்காது. மூச்சைப் பின்பற்றி எண்ணிக்கை என்று இருந்தது, எண்ணிக்கையைத் துரத்தும் மூச்சாக மாறிவிடும்.

ஒலிப்பதிவிலும் ஒரு எளிய தீர்வு இருக்கு. மந்திரம் கற்றுக்கொடுக்கும் சில பதிவுகளில் ஆசிரியர் ஒரு வரி சொல்லிவிட்டு இடைவெளி விடுவார், நீங்க திருப்பிச் சொல்வதற்காக. சந்தை முறைதான். அந்த மௌனமான சில விநாடிகள்தான் அந்தப் பதிவில் உங்களுக்கான இடம்.

காதை மூடு, அப்புறம் கேள்

இப்போ இசை. ஸ்ட்ரீமிங் ஆப்பில் "யோகா மியூசிக்" என்று தேடினால் புல்லாங்குழல், மழைச் சத்தம், கிண்ண ஓசை என்று மணிக்கணக்கில் கொட்டும். பழைய நூல் என்ன சொல்கிறது?

15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகையின் நான்காம் அத்தியாயத்தில் ஒலி பற்றி விரிவாக வருகிறது. முதல் படி என்ன தெரியுமா? விரல்களால் காதை மூடிக்கொள்வது! வெளிச் சத்தத்தை நிறுத்திவிட்டு உள்ளே கேட்பதைக் கவனிக்கச் சொல்கிறது. ஆரம்பத்தில் கடல், மேகம், முரசு மாதிரி பெரிய ஒலிகள். பிறகு மத்தளம், சங்கு, மணி. கடைசியில் கிண்கிணி, குழல், வீணை, வண்டின் ரீங்காரம். அந்தக் காலத்து யோகா பிளேலிஸ்ட் முழுக்க உடம்புக்குள்ளேயே ஓடியது.

வெளியிலிருந்து இசை வந்தது 1960-களின் மேற்கு நாடுகளில். அமெரிக்க ஜாஸ் கிளாரினெட் கலைஞர் டோனி ஸ்காட் 1964-ல் ஜப்பானியக் கலைஞர்களோடு சேர்ந்து ஜென் தியானத்துக்கான இசை என்று ஒரு ஆல்பம் போட்டார். 1968-ல் காலின் வால்காட்டின் சிதாரோடு யோக தியானத்துக்கான இசை என்று அடுத்தது. இரண்டும் வெர்வ் என்ற புகழ்பெற்ற ஜாஸ் நிறுவனத்தின் வெளியீடுகள். "உட்கார்ந்து ரசிக்க" என்பதைத் தாண்டி, "இதைப் போட்டுவிட்டு வேறொன்றைச் செய்ய" என்று ஒரு இசை வகைக்கு அடி போட்ட ஆல்பங்களில் இவையும் சேரும்.

எல்லோரும் சந்தைக்காகச் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஜாஸ் பியானோ, ஹார்ப் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன் துறவறத்துக்குப் போன பிறகு, 1982-ல் "துரிய சிங்ஸ்" என்ற கேசட்டை வெளியிட்டார். பஜனைகள், கூடவே ஆர்கன். பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல், தன்னைச் சுற்றி இருந்த பக்தர்களை மனதில் வைத்து வந்த பதிவு. 1997-ல் ரவிஷங்கரின் "சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா" வந்தது, தயாரிப்பு ஜார்ஜ் ஹாரிசன். அதன் ஒலிப்பதிவில் ஒரு பகுதி சென்னையில் நடந்தது, மீதி இங்கிலாந்தில். யோகா வகுப்புகளில் இன்றும் ஒலிக்கும் ஆல்பம்.

ஐயங்கார் வழி வகுப்புகளிலும் மைசூர் அஷ்டாங்க வகுப்புகளிலும் பொதுவாக இசை போடுவதில்லை. இது பிடிவாதம் இல்லை. முப்பது பேர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டே யார் திணறுகிறார், யார் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று அனுபவமுள்ள ஆசிரியருக்குத் தெரியும். அதன் மேல் ஒரு குழலிசையைப் போட்டால் அந்தத் தகவல் மூடிப்போகும். சவாசனத்தில் இசை போடுவது வேறு விஷயம். எல்லோரும் படுத்தாச்சு, கேட்கவேண்டியதைக் கேட்டாச்சு.

இது யாருடைய சொத்து?

இவ்வளவும் விற்பனைப் பொருள் ஆனபோது ஒரு வழக்கு வரத்தானே செய்யும்? கல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற பிக்ரம் சௌத்ரி, 1979-ல் ஒரு புத்தகம் போட்டார். சூடான அறையில் 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், ஒரே வரிசை. பின்னாளில் இந்த வரிசையே தன் பதிப்புரிமை என்று சொல்லி, அதைக் கற்றுக்கொடுத்த வேறு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். 2012-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் இப்படிப்பட்ட பயிற்சி வரிசைகளுக்கு உரிமை தர முடியாது என்று தெளிவுபடுத்தியது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது.

நீதிமன்றத்தின் தர்க்கம் நமக்கெல்லாம் பழக்கமானது. நீங்க எழுதின கோடு உங்களுடையது, ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் செய்முறையைக் கோடின் பதிப்புரிமையை வைத்துப் பூட்ட முடியாது. சமையல் புத்தகத்தின் வாசகங்களுக்கு உரிமை உண்டு, சாம்பார் வைப்பதற்குக் கிடையாது. புத்தகமும் ஃபோட்டோவும் அவருடையவை. அந்த வரிசையில் உடம்பை அசைப்பது எல்லோருக்கும் பொது. இந்த மாதிரி உரிமை கோரல்களுக்குப் பதிலடியாகத்தான் இந்திய அரசின் பாரம்பரிய அறிவு மின்னூலகம் பழைய நூல்களில் உள்ள ஆசனங்களையும் பதிவுசெய்யத் தொடங்கியது. "இது ஏற்கெனவே இருந்தது" என்று காட்ட ஒரு ஆதாரம் வேணுமே.

ஒரு வழக்கின் தீர்ப்பு நம் முதல் கேள்விக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். சட்டத்தின் பார்வையிலும் பதிவு வேறு, பயிற்சி வேறு.

இப்போ நம்ம கையில்

2014 டிசம்பரில் ஐ.நா. ஜூன் 21-ஐ உலக யோகா நாளாக அறிவித்தது. அதற்காக ஆயுஷ் அமைச்சகம் 45 நிமிஷப் பொதுப் பயிற்சி ஒன்றைக் கையேடாகவும் வீடியோவாகவும் வெளியிட்டது. கோடிக்கணக்கான பேருக்கு ஒரே பயிற்சி. ஆளுக்கு ஒரு தாள் வரைந்து கொடுத்த தேசிகாச்சார் பிறந்ததும் ஒரு ஜூன் 21-தான், 1938-ல். யாரும் திட்டமிட்ட பொருத்தம் இல்லை, ஆனால் யோசிக்க வைக்கும். பெரிய கூட்டத்துக்கு எளிமையான பொதுப் பயிற்சி தேவைதான். அதை அந்தக் கையேட்டின் அளவுக்கு மட்டும் எடுத்துக்கணும்.

2020 ஊரடங்கில் வகுப்புகள் எல்லாம் திரைக்கு வந்தன. அதில் ஒரு நல்லது நடந்தது: ஆசிரியர் உங்களைப் பார்க்க முடிந்தது. சின்னச் சதுரத்துக்குள், பாதிக் கால் வெட்டுப்பட்டாலும், "தோளைக் கீழே விடுங்க" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். அந்த வகுப்பின் பதிவை அடுத்த நாள் போட்டுப் பார்த்தால் அதே முகம், அதே குரல். "தோளைக் கீழே விடுங்க" என்பது மட்டும் வேறு யாருக்கோ சொன்னது.

அதனால் நீங்க மாணவராக இருந்தால், எந்தப் பொருளை வாங்கும்போதும், டவுன்லோட் பண்ணும்போதும் ஒரு கேள்வி கேளுங்க: இதில் எது போச்சு? ஃபோட்டோ புத்தகம் என்றால் படத்தை விட்டுவிட்டு முதலில் எழுத்தைப் படிங்க. மூச்சு அங்கேதான் ஒளிந்திருக்கும். எண்ணிக்கைப் பதிவு என்றால், உங்க மூச்சு பின்தங்கும் இடத்தில் பதிவை நிறுத்துங்க, மூச்சை நிறுத்தாதீங்க. படுத்துக் கேட்கும் பதிவு என்றால் தாராளமாகக் கேளுங்க. கழுத்து, முதுகு, ரத்த அழுத்தம் என்று ஏதாவது தொந்தரவு இருந்தால், எவ்வளவு நல்ல பதிவானாலும், உங்களைப் பார்க்கும் ஒரு ஆசிரியரிடம் முதலில் போங்க. ஃபோட்டோவுக்கு உங்க முழங்கால் வலி தெரியாது.

கற்றுக்கொடுப்பவராக இருந்தால், மாணவருக்கு லிங்க் அனுப்புவதோடு சேர்த்து ஒரு தடவை தாளும் பேனாவும் எடுத்துப் பாருங்க. ஒரு வட்டம், நாலு கோடு, பக்கத்தில் மூச்சுக் குறிப்பு. மேலே அவர் பெயரை எழுதிக் கொடுங்க.

அவ்வளவுதான் இந்த எபிசோட். உங்க வீட்டில் பழைய யோகா கேசட்டோ, பாட்டி பைண்டு பண்ணி வைத்த ஆசனப் புத்தகமோ இருந்தால் எடுத்துப் பாருங்க. ஓரத்தில் பென்சிலால் யாராவது ஏதாவது குறித்து வைத்திருக்கலாம். அச்சடித்த வரிகளைவிட அதை முதலில் படிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.